பச்சை வந்ததும்

தாடைப் பட்டையின் கொக்கி அவிழவில்லை. கசில்தா காய்கறிக் கத்தியை எடுத்து அதை அறுத்தாள். புருஷனின் கழுத்து விறைத்துப்போயிருந்ததால் ஹெல்மெட்டை முன்னும் பின்னும் அசைத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. அதன் நெற்றியில் மாட்டியிருந்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மதிய வெயில் மேசைமேல் விழுந்திருந்ததால் அந்த வெளிச்சம் சோகை பிடித்ததுபோல் தெரிந்தது. ஆனாலும் எரிந்தது.

அணைக்கக் கையைக் கொண்டுபோனாள்.

"விடும்மா," என்றான் வில்மெர். "அதுவா அணையட்டும்."

அவன் காலையில்தான் வந்திருந்தான். கீழ்நாட்டு நகரத்தில் ஒரு டயர் கடையில் வேலை. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த முகம் வீங்கியிருந்தது. மலைக்குளிர் பழக்கம் விட்டுப்போனதால் அப்பாவின் கம்பளிப் போர்வையைச் சுற்றியிருந்தான்.

"கடைக்காரன் மூணு நாள் எரியும்னான். நான் நம்பல. பாரு, எரியுது." ஹெல்மெட்டைக் கையில் வாங்கி, பேட்டரிப் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டினான். "இந்த லைட்டு இல்லன்னா அப்பாவைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டாங்களாமே. சித்தப்பா சொன்னாரு. தூரத்துல வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போனாராம்."

"ஆமா," என்றாள் கசில்தா.

அது அவன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கி அனுப்பியது. செவெரோ அதை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். படத்தில் முகமே தெரியாமல் ஒரு வெள்ளைப் பந்து மட்டும் விழுந்தது. அதைத்தான் மகனுக்கு அனுப்பினார்கள்.

கொழுந்தன் இலாரியோன் வாசலில் நின்று அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். தண்ணீர் பீப்பாயின் ஓரத்தில் அவன் குந்தியிருந்தான். இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள். சுரங்கத்தில் இறங்கியவர்களின் இருமல் அப்படித்தான். நடுவில் பேச முடியாது.

"அண்ணி, அவன்கிட்ட பாதிதான் சொன்னேன்."

"மீதியைச் சொல்லு."

"பழைய சுரங்கப் பாதை அது. எங்க அப்பா காலத்துல கைவிட்டது. மரமெல்லாம் அழுகிக் கெடக்கு. நான் கார்பைட் விளக்கோட போனேன். வளைவு திரும்பினதும் சுடர் சுருங்குச்சு. ரெண்டடி வச்சேன், நீலமாச்சு. இன்னும் ரெண்டடி, பொசுக்குனு அணைஞ்சுபோச்சு. காத்தே இல்ல அங்க. இருட்டுல நின்னேன். நின்னா, முன்னால தாழ்வா அண்ணனோட லைட்டு. ஜெகஜோதியா எரியுது."

கசில்தா பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சைப் பிடிச்சுட்டு ஓடி, அவர் கால்ல கயித்தைக் கட்டிட்டுத் திரும்பி வந்து இழுத்தேன். கீழ விழுந்து அடிபட்ட மாதிரி இல்ல, அண்ணி. சும்மா உக்காந்து, சாஞ்சிருக்காரு. மெல்லுற கோகா இலைப் பை மடியிலயே இருந்துச்சு."

அதற்குமேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செவெரோவுக்கு இருபது வருஷம் நெற்றியில் கார்பைட் சுடர் இருந்தது. காற்று கெட்டால் அது முதலில் சாகும். அவன் திரும்பி வருவான். காற்றை அது பார்த்துக்கொண்டதால் அவன் பார்க்கப் பழகவில்லை. பேட்டரிக்குக் காற்று தேவையில்லை. அது நல்ல வெளிச்சம் காட்டி அவனை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டது.

"வில்மெருக்குத் தெரியக் கூடாது," என்றாள்.

"கெட்ட காத்துன்னு தெரியும். லைட்டுன்னு தெரியாது. இப்ப இருக்கிற பசங்க எல்லாம் பேட்டரிப் பசங்க. சுடர் கதை அவங்களுக்குத் தெரியாது. ஆனா கெழடுங்களுக்குத் தெரியும். சாயங்காலம் எல்லாரும் வந்து உக்காருவாங்க."

"அந்த வாயை நான் பார்த்துக்கறேன்."

சாயங்காலம் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். சுவரோரம் பலகைகள் போட்டிருந்தது. நடுவே பெட்டியில் செவெரோ, கழுவிய முகத்தோடு, சுரங்கச் சங்கத்துக் கொடியைப் போர்த்திக்கொண்டு. தலைமாட்டில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே ஹெல்மெட்டை வில்மெர் வைத்திருந்தான். வருகிறவர்கள் கண்ணில் அதன் வெளிச்சம் நேராக அடித்தது. ஒவ்வொருவரும் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து கும்பிட்டார்கள்.

கோகா இலையும் சிகரெட்டும் தட்டில் சுற்றின. கசில்தா சாராயக் குடுவையோடு நின்றாள். உட்காரவே இல்லை. யார் வாய் திறந்தாலும் அவள் காது அங்கே போனது.

குமெர்சிந்தோ கிழவர் மூன்றாவது கோப்பையில் ஆரம்பித்தார். நாற்பது வருஷம் இறங்கி, நுரையீரலில் பாதியோடு வெளியே வந்தவர்.

"நான் ஒண்ணு சொல்றேன். சுடர் பொய் சொல்லாது. அது குனிஞ்சா நீ குனியணும். அது செத்தா நீ ஓடணும். இப்ப வந்திருக்கு பாரு, கண்ணாடிப் பெட்டி…"

"பெரியவரே, உங்க கோப்பை காலி."

"காலி இல்லம்மா, பாதி இருக்கு."

"பாதி இருந்தா காலின்னு அர்த்தம். குடிங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரிமிதீவா சிரித்தாள். கசில்தாவோடு மலையடிக் கழிவுக் குவியலில் கல் உடைத்து வெள்ளீயத் தாது பொறுக்குகிறவள். "ஊத்தினா அந்த வாய் மூடும்னு பாக்கிறியாடி? அது பெட்டியில வச்சு ஆணி அடிச்சாத்தான் மூடும்."

"உன் சுத்தியலைக் குடு, இப்பவே அடிச்சுக்கறேன்," என்றார் கிழவர். பலகை முழுக்கச் சிரிப்பு ஓடியது. சாவு வீட்டுச் சிரிப்பு, சட்டென்று நின்றது. கிழவர் விட்ட இடத்தை மறக்கவில்லை. "என்ன சொல்லிட்டிருந்தேன்? கண்ணாடிப் பெட்டி. அது என்ன பண்ணுது…"

கசில்தா அவர் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவர் எழுந்துவிட்டார். வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அந்த லைட்டை யார் வாங்கிக் குடுத்தது தெரியுமா?"

"யாரு?"

அவள் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். வில்மெர் ஹெல்மெட்டைத் துடைத்து நேராக வைத்துக்கொண்டிருந்தான். கிழவரும் பார்த்தார். அவர் வாயில் மென்றுகொண்டிருந்த இலை அப்படியே நின்றது.

"அவன் காதுல விழுந்துச்சுன்னா, உங்க சாவுக்கு நான் அழ வரமாட்டேன்," என்றாள்.

கிழவர் உள்ளே திரும்பிப்போய், உட்காராமல் நேரே வில்மெரிடம் போனார். அவன் தோளில் கை வைத்தார். "நல்ல லைட்டுப்பா," என்றார். "ரொம்ப நல்ல லைட்டு."

வில்மெர் அப்போதுதான் முதல்முறையாக அழுதான்.

காலையில் பெட்டியை மூடுவதற்குமுன் அவள் மகனிடம் கேட்டுப் பார்த்தாள். "இதை அப்பாவோடயே வச்சிடலாமா?"

"எதுக்கு? நான் மாட்டிக்கறேன்."

"நீ எங்க மாட்டிக்கப் போற? டயர் கடையிலயா?"

அவன் தரையைப் பார்த்தான். "சங்கத்துல பேசிட்டேன்மா. அப்பாவோட இடம் எனக்குத்தான். நான் எடுக்கலன்னா வேற ஆளுக்குப் போயிடுமாம். அப்புறம் நீயும் குவியல்ல கல் பொறுக்க முடியாது. எட்டாம் நாள் முடிஞ்சதும் திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க."

கசில்தா தலைப்பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள். விரல்களுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

மூடியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். கடைசியாக முகம் பார்க்கிறவள்போல் குனிந்து, விளக்கையும் பேட்டரியையும் ஹெல்மெட்டிலிருந்து பிடுங்கிச் செவெரோவின் போர்வைக்கு அடியில், அவன் இடுப்போரம் செருகினாள். ஆணி அடித்தார்கள். தூக்கினார்கள். படியிறங்கும்போது பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. மட்டமான பலகை. இரண்டு பலகைக்கு நடுவே, நூல் கனத்துக்கு, ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது.

முன்னால் தோள் கொடுத்திருந்த வில்மெர் அதைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னான்: "சரி விடு. அவர் போற வழி இருட்டு."

இடுகாடு வரைக்கும் அந்தக் கோடு இருந்தது. மண் விழுந்த பிறகு உள்ளே எவ்வளவு நேரம் எரிந்திருக்கும் என்று அவள் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. போன விளக்கு போய்த் தொலைந்தது என்று ஒரு நிம்மதியும் கூடவே இருந்தது. அந்த நிம்மதி வீடு திரும்பும்வரைதான் நீடித்தது.

"அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிக்கறேன்," என்றான் வில்மெர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

எட்டாம் நாள் செத்தவனின் துணிகளை ஆற்றில் அலச வேண்டும். அவளும் பிரிமிதீவாவும் இலாரியோனும் போனார்கள். ஆறு என்று பெயர். சாம்பல் நிறத்தில் ஆலைக் கழிவு கலந்து ஓடும் தண்ணீர். மேல்பக்கம் கொஞ்சம் தெளிவான இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். நல்ல துணிகளை வில்மெருக்கு ஒதுக்கி, கந்தலை எரிக்க வைத்தார்கள். வேலைச் சட்டையின் பையில் கசில்தாவின் விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தாள். மெல்லிய கம்பித் துண்டு. கார்பைட் விளக்கின் மூக்கு அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்பதற்கு வைத்திருப்பது. விளக்கை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டவன், கம்பியை மட்டும் பையில் வைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறான்.

அதை அவள் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிரிமிதீவா எரிக்கிற துணிகளோடு மேட்டுக்குப் போனதும் இலாரியோன் சொன்னான்: "அண்ணி, ஒண்ணு அவனுக்குத் தெரியணும். இல்லன்னா அவன் இறங்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு."

"சொன்னா இறங்க மாட்டான். எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் எதுவுமே பண்ண மாட்டான். கட்டில்ல படுத்துச் சுவத்தைப் பார்த்துட்டு இருப்பான். ஒருநாள் காலையில பார்த்தா கட்டில்லயும் இருக்க மாட்டான். என் தம்பி அப்படித்தானே போனான்?"

இலாரியோன் சட்டையை முறுக்கிப் பிழிந்தான். பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தான்.

"உன் விளக்கைக் குடு," என்றாள். "அதைப் போட்டுக்கிட்டு அவன் போகட்டும். சித்தப்பா விளக்கு, ஆசீர்வாதம், அது இதுன்னு ஏதாவது சொல்லிக்கறேன்."

"விளக்கு இருக்கு. கார்பைட் கல்லு இல்ல. அண்ணனைத் தேடின ரெண்டு நாள்ல கடைசிக் கல்லும் எரிஞ்சுபோச்சு."

வீட்டுக்கு வந்து அடுப்படிப் பரணிலிருந்து செவெரோவின் தகர டப்பாவை இறக்கினாள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. தட்டித் திறந்தாள். கார்பைட் கற்கள் ஈரம் குடித்து எல்லாம் வெள்ளைத் தூளாகக் கிடந்தன. விரலால் தொட்டாள். ஒட்டியது. எரியாது.

மலையேறும் வழியில் சுரங்கக்காரர்களுக்கான கடைத்தெரு. வெடிக்குச்சி, திரி, கோகா இலை, சாராயம், கையுறை எல்லாம் ஒரே மேசையில் இருக்கும். வழக்கமாகச் செவெரோ வாங்கும் கடையில் இப்போது கடைக்காரரின் மகன் உட்கார்ந்திருந்தான்.

"கார்பைடா? யாருக்கும்மா, மியூசியத்துக்கா?"

"எனக்கு."

"நாங்க எடுத்தே ரொம்ப நாளாச்சு. யார் வாங்குறா? புகை, நாத்தம், கையைச் சுட்டுத் தொலைக்கும். எல்லாரும் இதுக்கு வந்துட்டாங்க." மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலைவிளக்கை எடுத்து வைத்தான். அதேதான். அதே மஞ்சள் பட்டை. "மூணு நாள் நிக்கும். தண்ணிக்குள்ள போட்டாலும் அணையாது. எதுவுமே இதை அணைக்காதும்மா."

"தெரியும்," என்றாள் கசில்தா. "மெழுகுவர்த்தி இருக்கா?"

திங்கட்கிழமை விடிந்ததும் வில்மெர் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டான். தோள் சரியாக இருந்தது. கை மட்டும் கொஞ்சம் குட்டை. புது விளக்கை ஹெல்மெட்டில் மாட்டி அமுக்கினான். வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடவில்லை.

"அப்பாவோடதை விட இது ஒருபடி மேல," என்றான்.

அவள் அவன் பையில் கோகா இலை, ரொட்டி, உலர்ந்த உருளைக்கிழங்கு எல்லாம் வைத்த பிறகு ஒரு மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"மாமாவுக்கு."

சுரங்கத்துக்குள் களிமண்ணில் கொம்பு வைத்து உட்கார்ந்திருக்கும் சாமியை எல்லாரும் மாமா என்றுதான் சொல்வார்கள். மேலே இருக்கும் சாமியின் பேச்சு அங்கே எடுபடாது. உள்ளே மாமா வைத்ததுதான் சட்டம்.

"மாமாவுக்குச் சிகரெட்டுதானே வைப்பாங்க?"

"அது எல்லாரும் வைக்கிறது. புதுசா இறங்கறவன் மெழுகுவர்த்தி ஏத்தணும். ஏத்தி அங்க வச்சுட்டு வரக் கூடாது. கையில பிடிச்சுட்டே கடைசி வரைக்கும் போகணும். எங்க அணையுதோ, அன்னிக்கு அதுக்கு மேல மாமாவுக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம். திரும்பிடணும். ஓடி வந்துடணும்."

"அப்பா இப்படிச் செஞ்சதா நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"நீ என்னத்தைக் கேள்விப்பட்ட? பத்தாவது முடிக்காம பஸ் ஏறினவன்."

அவன் சிரித்தான். "கல்லு உடைக்கிற கைக்கு நாக்கு நல்ல ஜோடி," என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசலில் நின்று ஒரு நிமிஷம் திரும்பினான். "ஏத்தறேம்மா. ஏத்தாம இருப்பேனா?"

அன்று அவளும் குவியலுக்குப் போனாள். உட்கார்ந்து கல்லை உடைத்தாள். எதில் தாது இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்காமல் உடைத்துக்கொண்டே இருந்தாள். பிரிமிதீவா பார்த்துவிட்டு, அவள் தள்ளிப்போட்டதிலிருந்து நல்லதைப் பொறுக்கி அவள் கூடையிலேயே போட்டாள். மேலே சுரங்க வாய் தெரிந்தது. தள்ளுவண்டி ஒன்று வெளியே வரும்போதெல்லாம் கசில்தாவின் சுத்தியல் நின்றது.

வேலை விட்டு ஆட்கள் வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஹெல்மெட் விளக்குகளை அணைக்க மறந்து வரிசையாக இறங்கினார்கள். எது அவன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை.

வீட்டில் அவன் மேசையில் சாய்ந்து சூப் குடித்தான். கையெல்லாம் கொப்புளம். கண்ணிமையில் தூசு. ஆனால் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது.

"நல்லா சேத்துக்கிட்டாங்கம்மா. அப்பா பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் மரியாதை. அப்பா கடைசியா பார்த்த அந்தப் பழைய பாதையில நல்ல தாது ஓடுதாம். கம்ப்ரெஸர் குழாய் விட்டுக் காத்து அடிச்சிட்டு இருக்காங்க. நாளைக்கு அங்கதான்."

"யார் முன்னால போறா?"

"நான்தான். என் லைட்டுதான் பெருசு."

கசில்தா அவன் கிண்ணத்தில் இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது. துடைத்தாள்.

"மெழுகுவர்த்தி?"

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா. இப்படி ஒரு வழக்கமே கிடையாதாம்." கோபமில்லாமல், அவளைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னான். "மாமாவுக்குச் சிகரெட் பத்த வச்சு வாயில வச்சேன். கடைசி வரைக்கும் இழுத்தாரு. அவருக்கு என்னைப் பிடிச்சிருக்காம்."

சாப்பிட்டு முடித்ததும் பேட்டரிப் பெட்டியைக் கழற்றி அடுப்படிச் சுவரில் இருந்த பிளக்கில் சொருகினான். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. அப்படியே கட்டிலில் விழுந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா."

"ம்?"

"பச்சை வந்ததும் பிடுங்கிடு. விட்டா பேட்டரி கெட்டுடும்."

"வில்மெர்," என்றாள்.

"ம்."

அவள் வாய் திறந்திருந்தது. ஆணியில் மாட்டியிருந்த பழைய விளக்கு அவன் தலைக்கு மேலே இருந்தது.

"பூட்ஸைக் கழட்டிட்டுப் படுடா."

அவன் அதற்குள் தூங்கிவிட்டான். அவளே கழற்றினாள். போர்வையை இழுத்து விட்டாள். பிறகு அவன் பையை மேசைமேல் கவிழ்த்தாள். ரொட்டித் துணுக்குகள், இலைக் காம்புகள், தீப்பெட்டி. மெழுகுவர்த்தி வாங்கியபடியே இருந்தது. திரி வெள்ளையாக, நுனி கருகாமல். துடைத்துத் திரும்பப் பைக்குள், இந்த முறை இலைப் பைக்கு மேலே, கைக்கு முதலில் படும் இடத்தில் வைத்தாள்.

முக்காலியை இழுத்துப்போட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். சிவப்புப் புள்ளி அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது. வெளியே யாரோ நாயை விரட்டினார்கள். அடுப்பில் கடைசி நெருப்பு அடங்கியது. அவள் எழுந்து விறகு போடவில்லை.

புள்ளி பச்சையானதும் பிடுங்கினாள். ஒயரைச் சுருட்டி, பேட்டரியைச் சால்வை நுனியால் துடைத்து, அவன் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.